காணாமல் போன கோப்பு எங்கே? கோப்புறை அமைப்புகளின் அறிவியல்



அறிவியல் இடுபணியை வீட்டில் தட்டச்சு செய்து, பென்டிரைவில் சேமித்து, பள்ளிக்குக் கொண்டு வருகிறீர்கள். கணினிக் கூடத்தில் அதைச் செருகித் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வேறொரு நாள், நேற்றுத் தேதி வாரியாக அடுக்கி வைத்த கோப்புகள் இன்று பெரிய பெரிய படங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. இன்னொரு நாள், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன. எது கட்டுரை, எது படம் என்று தெரியவில்லை. காப்பார் வட்டாரத்தில் நான் பாடம் நடத்தும் வகுப்புகளில் இந்தப் புலம்பலைக் கேட்காத மாதமே இல்லை. “கோப்பு காணோம்” என்று சொல்லும் மாணவர்களில் பலர் அடுத்து செய்வது இன்னும் ஆபத்தானது: பென்டிரைவை அப்படியே ‘ஃபார்மட்’ செய்துவிடுகிறார்கள். பல நாள் உழைப்பு அந்த நொடியில்தான் உண்மையிலேயே தொலைகிறது.

இந்த வாரம் ஒரே ஒரு கருத்தைப் புரிந்துகொள்வோம். வட்டில் ஒரு கோப்பு இருப்பது ஒன்று. திரையிலுள்ள சாளரம் அதைக் காட்டுவது வேறொன்று. இவை இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதாம் ‘கோப்புறை அமைப்புகள்’. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவருக்குக் கோப்பு எளிதில் தொலையாது. மற்றவர் விரிக்கும் வலையிலும் அவர் எளிதில் விழமாட்டார்.

கோப்புறை என்பது ஒரு பட்டியல்

திரையில் கோப்புறையைக் காட்ட மஞ்சள் நிற அட்டை உறையைப் போன்ற சிறு படம் பயன்படுகிறது. அலுவலக மேசையைப் போலவே கணினித் திரையும் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்த படம் அது. 1981இல் வெளிவந்த ‘ஜெராக்ஸ் ஸ்டார்’ கணினியிலும், பிறகு ஆப்பிள் நிறுவனத்தின் ‘லிசா’ (1983), ‘மெக்கின்டாஷ்’ (1984) கணினிகளிலும் இந்த உறைப் படம் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே படம்தான்.

படம் எளிமையானது; ஆனால் ஒரு தவறான எண்ணத்தையும் நம் மனத்தில் விதைத்துவிடுகிறது. கோப்புறைக்குள் கோப்பு உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கோப்புறை என்பது ஒரு பெயர்ப் பட்டியல். எந்தக் கோப்புக்கு என்ன பெயர், அதன் தரவு வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எப்போது மாற்றப்பட்டது ஆகிய விவரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கும். கோப்பின் தரவு வட்டில் வேறு இடத்தில் இருக்கும்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் படிவத்தில் ஒரு மாணவரை வேறு வகுப்புக்கு மாற்றினால், ஒரு பதிவேட்டிலிருந்து அவருடைய பெயரை நீக்கி இன்னொன்றில் எழுதுவார்கள். அதற்காக அவருடைய வீட்டை இடம் மாற்றுவதில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

சோதனை 1: ஏறத்தாழ 1 ஜிபி அளவுள்ள ஒரு காணொலிக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியின் அதே வட்டிலுள்ள இன்னொரு கோப்புறைக்கு நகர்த்துங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுத்து நேரத்தைக் குறியுங்கள். முதல் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடியும். இரண்டாவது வேலைக்குப் பல நொடிகளோ நிமிடங்களோ ஆகும். முதல் வேலையில் மாறியது பட்டியல் மட்டும். இரண்டாவதில் 1 ஜிபி தரவும் ஒவ்வொரு பைட்டாக வேறொரு வட்டில் எழுதப்பட்டது.

கோப்பை அழிப்பதும் இப்படித்தான். பென்டிரைவுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ‘ஃபேட்32’ முறையில், கோப்பை அழிக்கும்போது பட்டியலிலுள்ள அதன் பெயரின் முதல் பைட் 229 என்ற எண்ணாக மாற்றப்படுகிறது. ‘இந்த வரி இனிக் காலி’ என்பதற்கான அடையாளம் அது. தரவு உடனே மறைவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான், தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் அந்தப் பென்டிரைவில் புதிதாக எதையும் சேமிக்கக் கூடாது என்கிறோம்.

ஒரே ஒரு பைட்டில் ஒளிந்திருக்கும் ரகசியம்

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘பண்புகள்’ என்று ஒரு பைட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பைட் என்றால் 8 பிட். ஒவ்வொரு பிட்டும் ஒரு விளக்கு சுவிட்சைப் போல: 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. ஃபேட் முறையில் முக்கியமான பிட்களின் மதிப்பு இதோ:

1 – படிக்க மட்டும், மாற்ற முடியாது
2 – மறைக்கப்பட்டது
4 – இயங்குதளத்துக்கு உரியது
16 – இது கோப்பு அல்ல, கோப்புறை
32 – அண்மையில் மாற்றப்பட்டது. காப்பு நகல் எடுக்க வேண்டும்

சாதாரணக் கோப்புறை ஒன்றின் எண் 16. யாராவது ‘மறை’ என்று அமைத்துவிட்டால் 16 + 2 = 18. இயங்குதளத்துக்கு உரியது என்ற பிட்டும் சேர்ந்தால் 16 + 2 + 4 = 22. உங்கள் கோப்புறையின் உள்ளடக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பட்டியலில் 16 என்றிருந்த எண் 22 ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் விண்டோஸ் சாளரம் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘இதைக் காட்ட வேண்டாம்’ என்று முடிவு செய்கிறது.

மறைக்கும் வசதி ஏன் வைத்தார்கள்? இயங்குதளத்துக்குத் தேவையான ஆயிரக்கணக்கான கோப்புகள் நம் கண்ணில் பட்டால், தெரியாமல் அழித்துவிடுவோம் என்ற அச்சம்தான் காரணம். ஆண்ட்ராய்டு, லினக்ஸ், மேக் ஆகியவற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு: பெயரின் முதல் எழுத்து ஒரு புள்ளியாக இருந்தால் அந்தக் கோப்பு சாதாரணமாகக் காட்டப்படாது.

இப்போது ஓர் அறிவியலாளரைப் போல யோசியுங்கள். பென்டிரைவ் காலியாகத் தெரிகிறது. அது உண்மையிலேயே காலியா, அல்லது கோப்புகள் மறைந்திருக்கின்றனவா? எப்படிக் கண்டறிவது? பென்டிரைவின் மீது வலது சொடுக்கு செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்து, பயன்பட்ட இடம் எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றுமே தெரியாத பென்டிரைவில் 3 ஜிபி பயன்பட்டிருக்கிறது என்று காட்டினால், கோப்புகள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. சாளரம் உங்களிடம் மறைக்கிறது. இந்த ஓர் அளவீட்டைச் செய்யாமல் ஃபார்மட் செய்வது, வெப்பநிலையை அளக்காமலேயே காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது.

அடுக்கி வைத்தது ஏன் மறந்து போகிறது?

அடுத்த எரிச்சலுக்கு வருவோம். கோப்புகளை ஒரு வரிசையில் அடுக்குகிறீர்கள். மறுநாள் அந்த வரிசை கலைந்திருக்கிறது. கணினிக்கு ஞாபக மறதியா? ஒரு வகையில் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறைவுப் பண்பு கோப்போடு சேர்ந்து வட்டில் இருக்கிறது. ஆகவே பென்டிரைவ் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். ஆனால் கோப்புகளைப் பட்டியலாகக் காட்டுவதா, படங்களாகக் காட்டுவதா, தேதிப்படியா, பெயர்ப்படியா என்ற காட்சி அமைப்பு அங்கே இல்லை. விண்டோஸ் அதை அந்தக் கணினியில், அந்தப் பயனர் கணக்குக்கு உரிய ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. வீட்டுக் கணினியின் குறிப்பேடு பள்ளிக் கணினிக்குத் தெரியாது. எனவே ஒரே பென்டிரைவ் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தெரிவது இயல்பே. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்ட கணினிக் கூடங்களில், நீங்கள் செய்த மாற்றம் மறுநாள் இருக்காது.

அந்தக் குறிப்பேட்டுக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் தொடக்கப் பதிப்பு 400 கோப்புறைகளின் காட்சி அமைப்பை மட்டுமே நினைவில் வைத்தது. எண்ணிக்கை அதைத் தாண்டியதும் பழைய கோப்புறைகளின் அமைப்பு மறக்கப்பட்டது. பயனர்கள் சலித்துப் போனார்கள். பிறகு அந்த எல்லை 5,000 ஆக உயர்த்தப்பட்டது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு கோப்புறையையும் பொது, ஆவணம், படம், இசை, காணொலி என்ற ஐந்து வகைகளில் ஒன்றாகப் பிரிக்கிறது. வகையை முடிவு செய்ய, உள்ளே இருப்பவற்றைப் பார்த்து அதுவே ஊகிக்கிறது. ‘காப்பார் மின்நிலையம்’ என்று உங்கள் செயல்திட்டத்துக்கு ஒரு கோப்புறை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் முதலில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. பிறகு முப்பது புகைப்படங்களைச் சேர்த்தீர்கள். உடனே விண்டோஸ், ‘இது படக் கோப்புறை போலும்’ என்று எண்ணிக் காட்சியை மாற்றிவிடலாம். உதவி செய்வதாக நினைத்து அது செய்யும் வேலை உங்களுக்குத் தொல்லையாகிறது.

இதைச் சரிசெய்ய, கோப்புறையின் மீது வலது சொடுக்கு செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கஸ்டமைஸ்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்ற பொது வகையைத் தேர்ந்தெடுத்து, உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும்படி அடையாளமிடுங்கள். இனி ஊகிக்கும் வேலை அதற்கு இல்லை. ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ என்ற பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் எல்லாக் கோப்புறைகளும் மாறும் என்று பலர் நம்புகிறார்கள். அது அதே வகையைச் சேர்ந்த கோப்புறைகளை மட்டுமே மாற்றும். ‘அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற குறைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மைலோ டின்னுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் பழைய மைலோ டின் ஒன்று இருக்கும். திறந்தால் பச்சைப்பயறு. பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசியும் நூலும். வெளியே உள்ள பெயர் ஒன்று, உள்ளே உள்ள பொருள் வேறொன்று. வீட்டில் இது வேடிக்கை. கணினியில் இது ஆபத்து.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் ‘பின்னொட்டு’ என்போம். டாக்எக்ஸ் என்றால் வேர்ட் கட்டுரை, ஜேபிஜி என்றால் படம், இஎக்ஸ்இ என்றால் இயங்கும் நிரல். எந்தச் செயலியைக் கொண்டு கோப்பைத் திறப்பது என்பதை விண்டோஸ் இந்தப் பின்னொட்டைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆனால் 1995 முதலே, தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை நம் கண்ணில் காட்டாமல் மறைப்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. திரை பார்க்க அழகாக இருக்கட்டும் என்ற நோக்கம். அதனால்தான் ‘நீர் சுழற்சி’ என்ற ஒரே பெயரில் ஒரு கட்டுரையும் ஒரு படமும் இரண்டு கோப்புகளாகத் தெரிந்து உங்களைக் குழப்புகின்றன.

இந்தச் சிறிய அமைப்பு உலகத்தையே ஒருமுறை ஆட்டிப் படைத்தது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் பரவத் தொடங்கியது. அதோடு வந்த இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரிந்தது. அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற இன்னொரு பின்னொட்டு இருந்தது. அது இயங்கும் நிரலைக் குறிப்பது. விண்டோஸ் அந்தக் கடைசிப் பின்னொட்டை மறைத்துவிட்டது. கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியில் நிரல் ஓடி, அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பியது. படக் கோப்புகளின் மீது தன் நகலை எழுதி அவற்றை அழித்தது. எம்பி3 பாடல்களை மட்டும் அழிக்கவில்லை. நாம் மேலே பார்த்த மறைவுப் பண்பை அவற்றின் மீது ஏற்றிவிட்டு, அதே பெயரில் தன் நகலை வைத்தது. பாடல்கள் போய்விட்டன என்று நினைத்தவர்களின் வட்டில் அவை அப்படியே இருந்தன! பிலிப்பைன்ஸில் அப்போது இத்தகைய குற்றத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் யாரையும் தண்டிக்க முடியவில்லை. மலேசியாவில் கணினிக் குற்றச் சட்டம் 1997இலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த கதை நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவைச் சேர்ந்தது. 2005இல் ‘புரோன்டோக்’ என்ற கணினிப் புழு அங்கே தோன்றியது. ‘எலாங் புரோன்டோக்’ என்பது இந்தோனேசியாவில் ஒரு கழுகு வகையின் பெயர். அந்தப் புழு ஓர் இயங்கும் நிரல். ஆனால் அதற்குக் கோப்புறையின் மஞ்சள் படத்தையே முகமாக வைத்திருந்தார்கள். பின்னொட்டு மறைந்திருப்பதால், பார்ப்பவர் அதை வழக்கமான கோப்புறை என்று நம்பி இருமுறை சொடுக்குவார். புழு ஓடத் தொடங்கும். அது அடுத்துச் செய்த வேலை நம் பாடத்துக்கு மிகவும் பொருத்தமானது: விண்டோஸ் பட்டியலிலிருந்து ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்ற பகுதியையே நீக்கியது, மறைந்த கோப்புகளைக் காட்டாதே, பின்னொட்டைக் காட்டாதே என்று அமைப்புகளை மாற்றி வைத்தது. திருடன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் விளக்கை அணைப்பதைப் போல. கோப்புறை அமைப்புகள் எவ்வளவு முக்கியமானவை என்பதை அந்தப் புழுவை எழுதியவர் நன்றாக அறிந்திருந்தார்.

இதே தந்திரத்தின் இன்னொரு வடிவம், பென்டிரைவிலுள்ள உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ‘குறுக்குவழி’ கோப்புகளை வைப்பது. மஞ்சள் படத்தின் மூலையில் சிறிய வளைந்த அம்பு இருந்தால் அது கோப்புறை அல்ல, குறுக்குவழி. பலரும் பென்டிரைவைச் செருகும் நகல் கடைக் கணினிகளில் இத்தகைய நிரல்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது எளிது.

இன்று களம் கைப்பேசிக்கு மாறிவிட்டது. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பின்னொட்டைப் பார்த்தால் ஏபிகே என்றிருக்கும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலி. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரலாம். செயலியாக வர வேண்டிய தேவையே இல்லை. இப்படிப்பட்ட போலி அழைப்பிதழ்களைப் பற்றி மலேசியக் காவல்துறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. அதை நிறுவினால் குறுஞ்செய்தியில் வரும் வங்கிக் கடவு எண்கூடத் திருடப்படலாம். இந்தப் பாடத்தை வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஆகியோருக்கும் சொல்லிக் கொடுங்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி உதவி மையத்தின் எண் 997.

சோதனை 2: படங்கள் உள்ள ஒரு வேர்ட் கோப்பின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள் (மூலக் கோப்பில் செய்ய வேண்டாம்). பின்னொட்டு தெரியும்படி அமைத்துவிட்டு, டாக்எக்ஸ் என்பதை ஸிப் என்று மாற்றுங்கள். இப்போது திறந்து பாருங்கள். உள்ளே பல கோப்புறைகள் தெரியும். அவற்றில் ஒன்றில் உங்கள் கட்டுரையில் இருந்த படங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. இதிலிருந்து என்ன தெரிகிறது? பின்னொட்டை மாற்றினால் உள்ளடக்கம் மாறுவதில்லை; திறக்கும் செயலிதான் மாறுகிறது. அதனால்தான் ஒரு பாடலின் பின்னொட்டை ஜேபிஜி என்று மாற்றினால் அது படமாகிவிடாது. பல கோப்பு வகைகளின் உண்மையான அடையாளம் அவற்றின் முதல் சில பைட்களில் இருக்கிறது: பிஎன்ஜி படம் 137, 80, 78, 71 என்ற எண்களோடு தொடங்கும், விண்டோஸில் இயங்கும் நிரல் 77, 90 என்று தொடங்கும்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் இந்த வசதி எளிதில் கிடைத்ததன்று. ஒருகாலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வைத்திருந்தது. ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1985 முதல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கி வளர்த்த மலேசியர் முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பும், உலக மொழிகளுக்கெல்லாம் பொது எண் வழங்கிய யூனிகோட் முறையும் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 பதிப்பு ‘லதா’ எழுத்துருவோடு அதை ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, நீளம். ‘கோப்புறை’ என்பது நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி, ற, ஐகாரக் குறி என 8 குறியீடுகள். ஆண்ட்ராய்டு கைப்பேசி இவை ஒவ்வொன்றையும் 3 பைட்டாக எழுதினால் 24 பைட். அங்கே ஒரு பெயருக்குப் பெரும்பாலும் 255 பைட்தான் எல்லை. ஆகவே 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. விண்டோஸில் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் உண்டு. ஆனால் பல செயலிகளில் எல்லாக் கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்த முழுப் பாதையும் 260 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறை என்று பத்து அடுக்கு வைத்தால் கோப்பை நகலெடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, வரிசை. நம் அகரவரிசையில் கப்பல், கல்வி, கவிதை, கழனி, களம், கனிமம் என்று வரும். யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலிகளில் கனிமம், கப்பல், கல்வி, களம், கழனி, கவிதை என்று வரும். ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘வ’ என்பது ‘ழ’வுக்கு அடுத்தும் உள்ளன. கோப்பு தொலையவில்லை; நீங்கள் தேடும் இடத்தில் இல்லை.

மூன்றாவது, எண்கள். விண்டோஸ் 1, 2, 10 என்று சரியாக அடுக்கும். வேறு பல செயலிகள் 1, 10, 2 என்று அடுக்கும். இந்த இரண்டு வரிசைச் சிக்கல்களுக்கும் ஒரே மருந்து: பெயரின் தொடக்கத்தில் 01, 02, 10 என்று ஈரிலக்க எண் இடுங்கள். தேதி இடுவதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடுங்கள். அப்போது எந்தக் கணினியிலும், எந்த அமைப்பிலும் வரிசை கலையாது. நன்றாகப் பெயரிடப்பட்ட கோப்புக்குச் சாளரத்தின் தயவு தேவையில்லை.

இன்றே செய்ய வேண்டிய மாற்றங்கள்

1. ‘ஃபைல் எக்ஸ்புளோரர்’ சாளரத்தைத் திறந்து ‘வியூ’ பகுதிக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 11 என்றால் அதில் ‘ஷோ’ என்பதையும் சொடுக்க வேண்டும். ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை அடையாளமிடுங்கள். இனிப் பின்னொட்டு எப்போதும் தெரியும். பெயர் மாற்றும்போது புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

2. அதே இடத்தில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது மட்டும் அடையாளமிடுங்கள். மங்கலாகத் தெரிபவை மறைக்கப்பட்டவை. கணினியின் சொந்த வட்டில் அப்படித் தெரிபவற்றை அழிக்காதீர்கள்.

3. ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், சாளரம் ‘திஸ் பிசி’ என்ற இடத்தில் திறக்கும்படி அமையுங்கள். அண்மையில் திறந்தவற்றின் பட்டியலை மட்டுமே நம்பிப் பழகினால், கோப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

4. சேமிக்கும்போது மேலே உள்ள முகவரிப் பட்டையைப் படியுங்கள். ‘ஒன்டிரைவ்’ கணக்கில் நுழைந்த கணினியில் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்ற கோப்புறை இரண்டு இடங்களில் இருக்கலாம். வீட்டு முகவரியைப் போல, கோப்பின் முகவரியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பு காணவில்லை என்றால்…

பதற்றப்படாமல் இந்த வரிசையில் சோதியுங்கள். முதலில் வேர்ட் செயலியில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். அடுத்து, பெயரின் ஒரு பகுதியை மட்டும் தட்டித் தேடுங்கள். பிறகு குப்பைத்தொட்டியைப் பாருங்கள். பென்டிரைவில் அழித்தவை பொதுவாக அங்கே வராது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து பென்டிரைவின் பயன்பட்ட இடத்தை அளந்து, மறைந்தவற்றைக் காட்டச் செய்யுங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால், ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற அடையாளத்தைத் தற்காலிகமாக நீக்குங்கள். பண்பு எண் 22 உள்ள கோப்புறையும் இப்போது மங்கலாகத் தெரியும். அதன் உள்ளே சென்று உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் மட்டும் கணினியில் ஒரு புதிய கோப்புறைக்கு நகலெடுங்கள். குறுக்குவழிகளையும் இஎக்ஸ்இ கோப்புகளையும் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் அடையாளத்தைத் திரும்ப இடுங்கள். பென்டிரைவை நச்சுநிரல் எதிர்ப்புச் செயலியால் சோதியுங்கள். ஃபார்மட் செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பழக்கம் வேண்டும். இடுபணியின் இன்னொரு நகலைப் பள்ளியின் டெலிமா கணக்கு வழியாக இணையத்திலும் வையுங்கள். பென்டிரைவ் துணிகளோடு சலவை இயந்திரத்துக்குள் போனால், எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு கோப்பின் பண்பு எண் 35. அதில் எந்தெந்தப் பிட்கள் 1 ஆக உள்ளன?
2. ‘அறிவியல்’ என்ற சொல்லில் எத்தனை யூனிகோட் குறியீடுகள் உள்ளன?
3. ‘தேர்வுக்கால அட்டவணை’ என்று ஒரு கோப்பு வருகிறது. அதன் பெயரில் பிடிஎஃப் என்றும், அதற்குப் பின் இஎக்ஸ்இ என்றும் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏன்?

விடைகள்: 1) 32 + 2 + 1, அண்மையில் மாற்றப்பட்டது, மறைக்கப்பட்டது, படிக்க மட்டும். 2) எட்டு, எழுத்துகள் ஐந்து. 3) திறக்கக் கூடாது, கடைசிப் பின்னொட்டே கணக்கு, அது இயங்கும் நிரல். அனுப்பியவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துவிட்டு அழித்துவிட வேண்டும்.